மரக்காணத்தில் ராத்தங்கிப் பாருங்க!

நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், இப்பவே சொல்லிடறேன். சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஈ.சி.ஆர். பஸ்ஸில் ஏறுகிறவங்களில் முக்கால்வாசிப் பேர் மகாபலிபுரம் தாண்டினதும் தூங்கிடுவாங்க. கோட்டக்குப்பம் நெரிசலில் டிரைவர் ஹாரன் அடிக்கும்போதுதான் கண் முழிப்பாங்க. அந்தத் தூக்கத்துக்குள்ளே ஓடி மறையுதே ஒரு கடற்கரை! கடப்பாக்கம், மரக்காணம், கழுவேலி, பொம்மையார்பாளையம்... சாலையோரமா வெள்ளை வெள்ளையா உப்பு அம்பாரம், அதுக்கு அந்தப் பக்கம் கழி, அதுக்கும் அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு, அப்புறம் வங்காள விரிகுடா. எத்தனையோ பேர் இந்த வழியா போயிருக்காங்க. ராத்தங்கினவங்க எத்தனை பேர்? நான் தங்கினேன். தங்கிட்டு வந்ததிலிருந்து எதிர்ப்படுகிற ஆளையெல்லாம் பிடிச்சு நிறுத்திச் சொல்லிக்கிட்டிருக்கேன். இன்னைக்கு மாட்டினது நீங்க.

இதுக்கெல்லாம் மூல காரணம் சாந்தோரினி. ஆமாங்க, கிரேக்கத் தீவேதான். வெள்ளைச் சுவர், நீலக் கூரை, கீழே அதலபாதாளத்தில் கடல். என் மனைவி அந்தப் படங்களை செல்போனில் பார்த்துப் பார்த்து, "ஏங்க, ஒரே ஒரு தடவை..."ன்னு இழுக்க, எனக்கும் ரோஷம் வந்து ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தேன். சிக்கனமா தங்குறது எப்படின்னு தேடிப் படிச்சு, சட்டப் புத்தகமே எழுதிட்டேன். ஜூலை, ஆகஸ்டில் போகாதே, கூட்டம் நெரியும், வாடகை எகிறும். மே மாசமோ செப்டம்பர் கடைசியோ போ. எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் கடலைப் பார்த்த அறைதான் வேணும்னு அடம்பிடிக்காதே. தீவுக்கு உள்ளே கிராமத்தில் தங்கிக்கிட்டு, விளிம்புக்கு பஸ்ஸில் போய்ட்டு வா. ஏதென்ஸ் பக்கத்தில் இருக்கிற பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறு. சாந்தோரினி கட்டுப்படியாகலைன்னா பேர் குறைஞ்ச பக்கத்துத் தீவு நாக்ஸோஸுக்குப் போ. எல்லாம் எழுதி, கடைசிப் பக்கத்தில் கூட்டிப் பார்த்தா, ஷெங்கன் விசாவுக்கு மட்டுமே ஆளுக்கு 90 யூரோ! விசா மறுத்துட்டாங்கன்னா அதுவும் திரும்பி வராது. நோட்டை மூடிட்டேன். மூடின நோட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தப்போதான் பொறி தட்டுச்சு. கூட்டமில்லாத மாசம், கடலிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி அறை, பொதுப் பேருந்து, பேர் போன ஊருக்குப் பக்கத்து ஊர். இந்த நாலு விதியும் அச்சு அசலா பொருந்துற இடம் எனக்கு ஏற்கெனவே தெரியுமே! நான் பிறந்த வானூர் தாலுகா!

செய்தி ஊருக்குள்ளே பரவினதும் அத்தை போனில் பிடிச்சாங்க. "ஏன்டா, இங்க வீடு தொறந்து கெடக்குது. நீ காசு குடுத்து எவன் வீட்லயோ போய்ப் படுப்பியா? அந்தப் பொண்ணுகிட்ட சண்டையா?" "சண்டையெல்லாம் இல்ல அத்தை, சும்மா சுற்றிப் பார்க்க." "வானூர்க்காரனுக்கு வானூர்ல இன்னாடா சுத்திப் பாக்கறது?" எனக்கு பதில் வரலை, சிரிச்சுட்டேன். இப்போ கேட்டாங்கன்னா அத்தையை உட்கார வச்சு ஒரு மணி நேரம் பதில் சொல்வேன்.

முதல் விஷயம், மாசம். பிப்ரவரி! மறந்துடாதீங்க, பிப்ரவரி! வடகிழக்குப் பருவமழையில் இந்தப் பக்கம் வந்தீங்கன்னா உப்பளம் பூரா ஏரியா நிற்கும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில்தான் ஏறிச்சு. மழை ஓய்ஞ்சு, தை பிறந்ததும் பாத்தி கட்டுகிற வேலை ஆரம்பிக்கும். மாசி பிறக்கும்போது உப்பு இறங்கத் தொடங்கியிருக்கும். அதே நேரத்தில் குளிர்காலத்துக்கு வந்த பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது. வெயிலுக்கும் இன்னும் வெறி பிடிச்சிருக்காது. சாலையோரத்தில் தர்பூசணி வந்து இறங்கியிருக்கும். உப்பும் பறவையும் பழமும் ஒண்ணா கிடைக்கிற சில வாரங்கள் அவை, அதுவும் புத்தாண்டுக் கூட்டம் எல்லாம் போய் அறைக்காரங்க ஆளுக்காகக் காத்திருக்கிற வாரங்கள். திங்கள் முதல் வியாழன் வரைக்கும் போய் நின்னு, "ரெண்டு நாள் தங்கினா எவ்வளவு குறைப்பீங்க?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேளுங்க. சனிக்கிழமை இந்தக் கேள்வியைக் கேட்டா சிரிக்கிறது அவங்களா இருக்கும்.

அறைக்கு வருவோம். தங்கலை ரெண்டா பிரிச்சுக்குங்க. தெற்கே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம்னு வரிசையா குப்பங்கள், அதுக்கு மேற்கே செம்மண் மேட்டில் ஆரோவில். செரினிட்டி பீச்சுன்னு சொல்றாங்களே, அது தந்திராயன்குப்பத்துக் கரைதான். அங்கே அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கிட்டு அலைகிற பசங்களுக்காகவே சின்னச் சின்ன அறைகள், மாடியில் கீத்துக் கொட்டாய், கட்டிலுக்கு மேலே கொசுவலை. கடல் தெரியுற ஜன்னலுக்கு ஒரு விலை, தெரியாத ஜன்னலுக்குப் பாதி விலை. நான் தெரியாத ஜன்னலை எடுத்தேன். ஜன்னலில் தெரியலைன்னா என்ன, சத்தம் இருக்கே! ராத்திரி விளக்கை அணைச்சதும் பாருங்க, அலை நேரா தலையணைக்குக் கீழேயே வந்து அடிக்குது. நான் எழுந்து உட்கார்ந்து, "கேக்குதா? கேக்குதா?"ன்னு மனைவியை எழுப்பி எழுப்பிக் கேட்டு, அவங்க, "எனக்கும் காது இருக்குங்க, படுங்க"ன்னு சொன்ன பிறகும் தூங்கலை.

ரெண்டாவது தங்கல் மரக்காணம். இங்கே ஊஞ்சலும் கீத்துக் கொட்டாயும் எதிர்பார்க்காதீங்க. திண்டிவனம் சாலை வந்து சேருகிற பக்கமா சாதாரண லாட்ஜ். ஒரு ஃபேன், ஒரு வாளி, சுவரில் மாட்ட ஒரு ஆணி. போதும்! ஏன்னா அந்த அறையில் நீங்க இருக்கப்போறதே இல்லை. அதிகாலை நாலு மணிக்கு முன்னாடி எழுந்து வெளியே ஓடத்தான் அந்த அறை. சொல்லப்போனா இந்தப் பயணத்தோட சூட்சுமமே அதுதான். இந்தக் கடற்கரை தன்கிட்ட இருக்கிறதை எல்லாம் பொழுது விடியறதுக்கு முன்னாடியும் பொழுது சாயும்போதும்தான் காட்டும். சென்னையிலிருந்து காலையில் கிளம்பி வர்றவனுக்கு மிச்சமிருக்கிறது நடுப்பகல் வெயில் மட்டும். பக்கத்தில் படுத்திருக்கிறவனுக்குத்தான் விடியல். அதுக்காகத்தான் வாடகை, ஃபேனுக்கும் வாளிக்கும் இல்லை.

இப்போ என் கூட வாங்க. மணி நாலரை. செருப்பைக் கையில் தூக்கிக்குங்க. வரப்பு வழுக்கும், பார்த்து வைங்க காலை. மேலே நட்சத்திரம், காலடியில் பாத்திக்குள்ளேயும் நட்சத்திரம். எங்கேயோ இருட்டில் சர்ர்... சர்ர்...ன்னு ஒரு சத்தம், நீளக் கம்பில் பொருத்தின பலகையால் உப்பை வாரிக் கரைக்கு இழுக்கிற சத்தம். வெயில் ஏறுறதுக்குள்ளே முடிச்சாகணும்னு இவங்க ராவோடு ராவா வந்துடறாங்க. மொதல்ல சத்தம் மட்டும்தான் கேக்கும், அப்புறம் தலைத்துணி தெரியும், அப்புறம் ஆள் தெரியும். கிழக்கே ஒரு கோடு வெளுக்குது, அந்தக் கோடு சாம்பலாகி, சாம்பல் ரோஸாகி, ரோஸ் தண்ணியில் இறங்கி, ஒரு பாத்தி, அடுத்த பாத்தி, அதுக்கடுத்த பாத்தின்னு கண்ணுக்கு எட்டின தூரம் தரையெல்லாம் பத்திக்கிட்டுப் போகுது, சூரியன் மேலே வந்தப்போ நான் சத்தியமா சொல்றேன், பாத்திக்கு ஒரு சூரியன், எண்ணிப் பார்க்க ஆரம்பிச்சு எண்ண முடியாம வாய்விட்டுச் சிரிச்சுட்டேன், உப்பு வாரிக்கிட்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "இன்னா சார், எங்களுக்குத் தெனமும் இதான்"னு சொல்லிட்டு மறுபடி குனிஞ்சாங்க. தினமும்! இதைத் தினமும் பார்க்கிறாங்களாம்! அவங்க காலைப் பார்த்தப்போ மட்டும் என் சிரிப்பு கொஞ்சம் அடங்கிச்சு. வெறுங்காலோட உப்புத் தண்ணியில் நின்னு நின்னு குதிகாலெல்லாம் வெடிப்பு.

"கிட்ட வந்து பாருங்க சார்"னு அவங்கதான் கூப்பிட்டாங்க. கழித் தண்ணியைத் தேக்கி, பாத்தி பாத்தியா மாத்தி மாத்தி வெயிலில் சுண்ட வைப்பாங்களாம். போமே கணக்கில் 25 டிகிரி வாக்கில் அடர்த்தி ஏறினதும் உப்பு பூக்கும். குனிஞ்சு பார்த்தேன். தண்ணி மேலே ஆடை படிஞ்ச மாதிரி தெரிஞ்சது ஆடை இல்லை, அத்தனையும் தனித்தனிச் சதுரம்! நகத்தளவு கூட இல்லை. ஒண்ணை விரலில் ஏந்திப் பார்த்தா, நாலு ஓரத்திலிருந்தும் நடுவுக்குப் படிப்படியா இறங்குது, கோயில் குளத்தை மேலேயிருந்து பார்க்கிற மாதிரி. யாரும் உளி வச்சு செதுக்கலை, வெயிலும் காத்தும் ராத்திரியும் சேர்ந்து கட்டின குளம்! அப்படியே நாக்கில் வச்சேன், கடைசியில் லேசா ஒரு கசப்போட சுள்ளுன்னு ஏறிச்சு. உடனே மச்சானுக்கு போன் போட்டு, "மச்சான், உப்பு தின்னேன்!"னு கத்தினேன். மணி ஏழு கூட ஆகலை. அவர் என்ன சொன்னார்னு இங்கே எழுத முடியாது.

அங்கேயே நின்னுடாதீங்க, கழுவேலிக்கு வாங்க! வானூர், மரக்காணம் ரெண்டு தாலுகாவிலும் விரிஞ்சு கிடக்கிற நீர்ப்பரப்பு, மழைத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்கிற இடம். 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. சின்ன வயசில் எனக்கு அது "கழி", அவ்வளவுதான்! இறால் பிடிக்கிறவங்க போற இடம்! அன்னைக்குப் பார்த்தா ஊசிவால் வாத்து, கருவால் மூக்கன், கூழைக்கடா... தூரத்தில் ஒரு வெளிர் கோடு. மேகம்னு நினைச்சேன். கோடு அசைஞ்சது. பூநாரைங்க! தலையைத் தலைகீழா தண்ணிக்குள்ளே விட்டு மேய்ஞ்சுக்கிட்டிருந்த கூட்டம், எதுக்கோ மிரண்டு ஒரேயடியா எழும்பிச்சு பாருங்க, மூடியிருந்த றெக்கை எல்லாம் ஒரே நேரத்தில் விரிஞ்சு, உள்ளே ஒளிச்சு வச்சிருந்த செக்கச்செவேல் நிறம் வானத்தில் கொட்டிச்சு, நான் என்னை மறந்து கை தட்டிட்டேன், என் மனைவி, "கையைக் கீழ போடுங்க, யாராவது பார்க்கப்போறாங்க"ன்னு என் சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே அவங்களும் வாயைப் பொத்திக்கிட்டு அழுதுட்டாங்க. சாந்தோரினி பேச்சு அதுக்கப்புறம் எங்க வீட்டில் எழலை.

பசிக்கும். கண்டிப்பா பசிக்கும். விடியக்காலையில் ஃபைபர் படகு கரையேறுகிற குப்பத்துக்குப் போனா மணலிலேயே ஏலம். ஏலத்தில் போய்க் கை வைக்காதீங்க, ஓரமா கூடையோட உட்கார்ந்திருக்கிற ஆயாகிட்ட சங்கராவோ கிழங்கானோ வாங்கி, தங்கியிருக்கிற வீட்டம்மாவிடம் கொடுத்து, "குழம்பு வச்சுத் தர்றீங்களா அக்கா?"ன்னு கேளுங்க. சமைக்கிற கூலி கொடுத்தாலும் ஓட்டல் விலையில் பாதி தாண்டாது. கழியில் பிடிச்ச நண்டு கிடைச்சா விடவே விடாதீங்க! நண்டுன்னதும் ஒண்ணு சொல்லியாகணும். சிக்கனமா ஊர் சுற்றுகிறவனுக்கு வழிகாட்டின முதல் ஆள் நான் இல்லை. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் இதே வழியைச் சொல்லியிருக்கார்! ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பார்க்கப் போகிற பாணனுக்கு, எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும்னு ஊர் ஊரா பட்டியல். எயிற்பட்டினத்தில் நுளையர் வீட்டில் கள்ளும் சுட்ட குழல்மீனும், வேலூரில் எயினர் வீட்டில் புளிச்சோறும் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கறியும், அப்புறம் கிடங்கில். அந்தக் கிடங்கில் இன்னைக்குத் திண்டிவனத்துக்குள்ளே இருக்கு. எயிற்பட்டினம்தான் மரக்காணம்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. படுத்துத் தூங்குற ஒட்டகங்களைப் போல வாசனை மரக்கட்டைகளை அலை கொண்டுவந்து போடும், அதை இங்கே விறகா எரிப்பாங்கன்னு பாட்டில் வருது. நானும் கரையெல்லாம் தேடினேன். கிடைச்சது ஒரு சவுக்குக் கட்டை. மோந்து பார்த்தேன், வாசனை இல்லை, இருந்தாலும் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்!

வெயில் ஏறினப்புறம் என்ன பண்றதுன்னு கேட்கிறீங்களா? கேளுங்க, கேளுங்க! ஒரு டூவீலர் வாடகைக்கு எடுத்துக்கிட்டு உள்ளே திரும்புங்க. திருவக்கரையில் சந்திரமௌலீஸ்வரர் கோயில், அங்கேயே வக்கிரகாளி, பௌர்ணமி ராத்திரின்னா கால் வைக்க இடம் இருக்காது. பக்கத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை காக்கிற கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன்னாடி வெள்ளம் புரட்டிப் போட்ட மரங்கள் கல்லாகி அப்படியே கிடக்கு, பட்டை வரி தெரியுது, கணு தெரியுது, தட்டினா டங்குன்னு கல் சத்தம்! இரும்பையில் மாகாளேஸ்வரர், ஞானசம்பந்தர் பாடின தலம்; கடுவெளிச் சித்தர் கோபத்தில் பிளந்ததாச் சொல்லப்படுகிற லிங்கம், இன்னைக்கும் செப்புத் தகட்டால் கட்டியிருக்கு. ஆரோவிலில் மாத்ரிமந்திரை வெளியிலிருந்து பார்க்கக் காசு இல்லை, பார்வையாளர் மையத்தில் அனுமதிச் சீட்டு வாங்கினா போதும், உள்ளே உட்கார்றதுக்குத்தான் முன்பதிவு. பிப்ரவரி 28ன்னா இன்னும் விசேஷம். 1968இல் அன்னைக்குத்தான் 124 நாட்டு மண்ணை ஒரு தாழியில் போட்டு ஆரோவிலைத் தொடங்கினாங்க. வருஷா வருஷம் அந்த விடியலில் நெருப்பு மூட்டி, பேச்சு மூச்சில்லாம உட்கார்ந்திருப்பாங்க. நானே ஒரு வார்த்தை பேசலைன்னா பார்த்துக்குங்க! சாயங்காலம் வடக்கே கடப்பாக்கத்துக்கு விடுங்க வண்டியை. ஆலம்பரைக் கோட்டை, 1750இல் பிரெஞ்சு கவர்னர் தூப்ளேவுக்குக் கிடைச்சது, 1760இல் ஆங்கிலேயர் இடிச்சது. மிச்ச சுவரில் ஏறி நின்னா ஒரு பக்கம் கழி, ஒரு பக்கம் கடல், நடுவில் மணல் திட்டு, காத்து ஆளைத் தள்ளுது.

இவ்வளவும் சொல்லிட்டு, நெஞ்சு வெடிக்கிற விஷயத்தை இன்னும் சொல்லலையே! புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினப்போ வந்ததே ரோமானிய மதுச்சாடித் துண்டுகள், அதில் ஏகப்பட்டது எங்கே வனைஞ்சதுன்னு நினைக்கிறீங்க? கோஸ்! ரோட்ஸ்! ரெண்டும் கிரேக்கத் தீவுங்க! யாரோ ஒரு கிரேக்க மாலுமி முதலாம் நூற்றாண்டில் எழுதின பெரிப்ளஸ்ங்கிற கடல்வழிக் குறிப்பில கமாரா, பொதுகே, சோபட்மான்னு வரிசையா மூணு துறைமுகம் வருது. பொதுகே அரிக்கமேடு. சோபட்மா நம்ம மரக்காணம்னு சொல்றவங்க நிறையப் பேர். நினைச்சுப் பாருங்க! தீவில் திராட்சை பிழிஞ்சு, சாடியில் அடைச்சு, செங்கடல் தாண்டி, பருவக்காத்தைப் பிடிச்சு, மாசக்கணக்கில் மிதந்து இந்தக் கரைக்கு வந்திருக்காங்க! விசா இல்லாம, முன்பதிவு இல்லாம! நான் நோட்டு போட்டுக் கணக்குப் பார்த்து, எட்டாதுன்னு மூடின அந்தத் தீவுங்க, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே என் தாலுகா வாசலுக்கு ஆள் அனுப்பியிருக்கு! இதை அத்தைகிட்டச் சொன்னேன். "அவன் வந்தா யாவாரத்துக்கு வந்திருப்பான், உன்ன மாதிரி வேலைவெட்டி இல்லாமயா"ன்னுட்டாங்க.

குறை? கொசு இருக்கு. இருந்துட்டுப் போகட்டும், சுருள் பத்து நிமிஷம் போதும். குழாயில் வர்ற தண்ணி லேசா உப்புக் கரிக்கும்; உப்பளத்து ஊரில் பின்னே சர்க்கரையா வரும்? ஒண்ணே ஒண்ணு மட்டும் விளையாட்டில்லை: கடலில் இறங்குறதா இருந்தா குப்பத்து ஆளைக் கேட்டுட்டு இறங்குங்க. 1989இல் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினதிலிருந்து வடக்கே இந்தக் கரை அரிச்சுக்கிட்டே வருது, அங்கங்கே கல் கொட்டி வச்சிருக்காங்க, கல்லும் இழுப்பும் சேர்ந்தா ஆபத்து.

அவ்வளவுதான், கிளம்புங்க! திருவான்மியூர் வழியா வர்ற ஈ.சி.ஆர். பஸ், ஏறும்போதே மரக்காணத்தில் நிற்குமான்னு கண்டக்டரைக் கேட்டுக்குங்க. ரயில்தான் பிடிக்கும்னா திண்டிவனத்தில் இறங்கி ஒரு டவுன் பஸ். ஒரு டார்ச், ஒரு தொப்பி, நனைஞ்சா கவலைப்படாத செருப்பு. முன்பணம் முழுசாக் கொடுக்காதீங்க, அறையைப் பார்த்து, குழாயைத் திறந்து, ஃபேனைப் போட்டு, அப்புறம் கொடுங்க. அலாரம் மூணே முக்காலுக்கு. நான் இப்படி ஊரைக் கூட்டி உளறினதில் அறை வாடகை ஏறிடுமோன்னு மனைவிக்கு பயம். அதனால ஒரே ஒரு வேண்டுகோள்: அடுத்த பிப்ரவரி 28ஐ ஒட்டின ராத்திரிகளை விட்டுட்டு மத்த எந்த நாளையும் எடுத்துக்குங்க. அந்தக் கடல் தெரியாத ஜன்னல் அறைக்கு நான் இப்பவே சொல்லி வச்சுட்டேன். இந்தத் தடவை அத்தையும் வர்றாங்க.